வரையாட்டுப் புழுக்கை, பாலக்காட்டுக் கணவாய், டிடிராட்: இந்தத் திட்டத்தில் ஓட்டை எங்கே?

புல்மேடு:
எல்லோருக்கும் வணக்கம்ங்க. வரையாட்டின் மரபணு வேறுபாட்டைப் பற்றி ஒரு ஆய்வுத் திட்டம் எழுதிக்கொண்டிருக்கிறேன். கணவாய்க்கு வடக்கே சிறுவாணி மலையும் முக்குருத்தியும். தெற்கே நெல்லியாம்பதி, வால்பாறை அக்காமலை புல்மேடு, இரவிகுளம். இடத்துக்கு 30 வீதம் 150 புழுக்கை மாதிரி எடுத்து, 95 சதவீத எத்தனாலில் போட்டு, டிடிராட் (டிஎன்ஏவை இரண்டு நொதியால் வெட்டி, அந்தத் துண்டுகளை வரிசைப்படுத்தும் முறை) செய்யலாம் என்று எண்ணம். பாலக்காட்டுக் கணவாய், தேசிய நெடுஞ்சாலை, தேயிலைத் தோட்டம் இவை மூன்றும் மரபணுப் போக்குவரத்தை எவ்வளவு வெட்டியிருக்கின்றன என்று காட்டுவதுதான் கேள்வி. ரத்தம், திசு எடுக்க வழியில்லை. அனுபவப்பட்டவர்கள் கொஞ்சம் கிழித்துத் தொங்கவிட்டால் நல்லது.

ஜெல்_டிரே:
கிழிக்க வேண்டிய முதல் இடம் டிடிராட். புழுக்கைக்கும் அதற்கும் ஒத்துவராது.

புழுக்கையிலிருந்து வடிக்கும் டிஎன்ஏவில் ஆட்டுடையது பெரும்பாலும் நூற்றுக்கு ஐந்துகூடத் தேறாது. மீதியெல்லாம் குடல் பாக்டீரியாவும் தின்ற புல்லும். வெட்டும் நொதிக்கு எது யாருடைய டிஎன்ஏ என்று தெரியாது, கண்டதையெல்லாம் வெட்டும். காசு கொடுத்து நீங்கள் வரிசைப்படுத்தப்போவது பாக்டீரியாவை. அடுத்து, டிடிராடில் ஒரே துண்டின் இரு முனையிலும் இரண்டு வெவ்வேறு வெட்டுத்தளம் இருந்து, நீளமும் 300 முதல் 500 கார இணைக்குள் (டிஎன்ஏ நீளத்தின் அலகு) வந்தால்தான் வரிசைப்படுத்தப் போகும் தொகுப்பில், அதாவது லைப்ரரியில், ஏறும். புல்மேட்டு வெயிலில் ஒரு நாள் கிடந்த புழுக்கையில் ஆட்டு டிஎன்ஏ அதற்கு முன்பே பொடிப்பொடியாகியிருக்கும். நல்ல டிடிராடுக்கு மாதிரிக்கு 100 நானோகிராமாவது முழுசான டிஎன்ஏ வேண்டும். உங்கள் மாதிரியில் ஆட்டுப் பங்கு மட்டும் அவ்வளவு கிடைப்பது நடக்காத காரியம்.

மெத்திலேற்றம் பெற்ற டிஎன்ஏவைப் புரதத்தால் பிடித்து, பாலூட்டியுடையதை மட்டும் செறிவாக்கும் முறை ஒன்று உண்டு. பாக்டீரியாவில் அந்த வகை மெத்திலேற்றம் கிட்டத்தட்ட இல்லை என்பதை வைத்துச் செய்வது. அதுவும் புத்தம்புதுச் சாணத்துக்குத்தான் கைகொடுக்கும்.

உங்களுக்கு மிஞ்சுவது இரண்டு. ஒன்று, 10 முதல் 15 மைக்ரோசாட்டிலைட் (ஒரே சிறு தொடர் திரும்பத் திரும்ப வரும் டிஎன்ஏ இடம்), ஒவ்வொன்றும் 250 இணைக்குள். இன்னொன்று, 100 முதல் 300 எஸ்என்பி (ஒரே ஓர் எழுத்து மட்டும் வேறுபடும் டிஎன்ஏ இடம்) கொண்ட சிறு பேனல். ஒவ்வொரு எஸ்என்பியையும் சுற்றி 70–120 இணைத் துண்டை ஒரே டியூபில் கூட்டுப் பிசிஆரில் (டிஎன்ஏத் துண்டை நகலெடுக்கும் வினை) பெருக்கி, இரண்டாம் பிசிஆரில் மாதிரி அடையாளக் குறியீட்டை ஒட்டி, எல்லாவற்றையும் கலந்து ஒரே ஓட்டத்தில் வரிசைப்படுத்துவது. பெங்களூரு என்சிபிஎஸ் ஆய்வகத்தார் 2019இல் புலி எச்சத்துக்கு இந்த வழியைத்தான் வெளியிட்டார்கள். நான் என்றால் பேனலுக்குத்தான் போவேன். மைக்ரோசாட்டிலைட்டில் ஓர் ஆய்வகம் 142 என்று அளந்த துண்டு நீளத்தை இன்னொரு ஆய்வகம் 144 என்று படிக்கும். பத்து ஆண்டு கழித்து வேறு யாராவது உங்கள் தரவோடு தங்கள் தரவைச் சேர்க்க முடியாது. எஸ்என்பியில் ஏ என்றால் எங்கும் ஏதான்.

புல்மேடு:
பேனல் செய்ய முதலில் எஸ்என்பி எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமே அக்கா? அதற்குத் திசு வேண்டும்தானே?

ஜெல்_டிரே:
ஆமாம். 8–10 விலங்கின் நல்ல திசு போதும். விழுந்து செத்தது, சிறுத்தை அடித்தது என்று வனத்துறை பிரேதப் பரிசோதனை செய்யும்போது காது நுனியோ தசையோ கேட்டு வையுங்கள். பயறு அளவுத் துண்டாக நறுக்கி, ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு எத்தனால், மறுநாள் எத்தனாலை மாற்ற வேண்டும். முழுத் துண்டாகப் போட்டால் உள்ளே அழுகும். கால்நடை மருத்துவர்கள் பழக்க தோஷத்தில் பார்மலினில் போட்டுக் கொடுப்பார்கள், முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

ஆனால் அந்தப் பத்தும் இரவிகுளத்திலிருந்தே வந்துவிடக்கூடாது. தெற்கில் மட்டும் கண்டுபிடித்த எஸ்என்பிகளை வடக்கில் சோதித்தால் வடக்கே வேறுபாடு குறைவாகத் தெரியும். உண்மையில் குறைவாக இருக்காது, வடக்குக்கே உரிய எஸ்என்பிகள் பேனலில் ஏறவே இல்லை என்பதுதான் காரணமாக இருக்கும். இரு கரையிலிருந்தும் குறைந்தது நான்கு நான்கு.

இன்னொரு நல்ல சேதி: 2005இல் வரையாட்டை நீலகிரிட்ராகஸ் என்று தனிப் பேரினமாகப் பிரித்தபோதே அது இமயத்து வரையாட்டைவிடச் செம்மறிக்குத்தான் நெருக்கம் என்று தெரிந்துவிட்டது. எனவே செம்மறியின் மரபணுத்தொகுதியை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். செம்மறி மைக்ரோசாட்டிலைட் பிரைமர்களில் (பிசிஆர் எங்கே தொடங்க வேண்டும் என்று காட்டும் சிறு டிஎன்ஏ) பலவும் வேலை செய்யும். கெட்ட சேதியும் அதுவேதான், கீழே சொல்கிறேன்.

புழுக்கைப்பை:
களத்துக்கு வருவோம். 30 குவியல் எடுத்தால் 30 ஆடு என்று எண்ணியிருக்கிறீர்கள். வரையாடு கூட்டமாகப் படுக்கும், கூட்டமாகக் கழிக்கும். ஒரு பாறைத் திண்டில் மூன்று ஆட்டின் புழுக்கை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். அதிலிருந்து அள்ளிப் போட்டால் ஒரு லோக்கஸில் (டிஎன்ஏவில் நாம் படிக்கும் ஓர் இடம்) ஓர் ஆட்டுக்குரிய இரண்டுக்குப் பதில் மூன்று அல்லீல் (மாற்று வடிவம்) வரும், அந்த மாதிரி குப்பைக்கு. ஒரே நிறம், ஒரே ஈரம், ஒரே அளவு, ஒன்றோடொன்று ஒட்டியபடி கிடக்கும் குவியலில் 6 முதல் 10 புழுக்கை மட்டும். சந்தேகமாக இருந்தால் விட்டுவிட்டு நடங்கள்.

புதுசு எது என்று பார்ப்பது எளிது. மேலே எண்ணெய் தடவியதுபோல ஒரு பளபளப்பு இருக்கும். குடல் சுவரின் செல்கள் ஒட்டியிருப்பது அந்தச் சளிப் படலத்தில்தான். உள்ளே இருப்பது வெறும் புல். படலம் காய்ந்து மங்கி, மேலே வெடிப்பு விட்டிருந்தால் தேறாது. ஒரு சாரல் அடித்தாலும் கழுவிக்கொண்டு போய்விடும். சாண வண்டு துளைத்ததையும் எடுக்காதீர்கள்.

காலை 7 மணிக்குப் பனி ஈரத்தோடு இருக்கும் பழைய புழுக்கையும் பளபளக்கும், அதில் ஏமாறாதவர் குறைவு. ஒன்றை எடுத்து டிஷ்யூ காகிதத்தில் உருட்டுங்கள். பனியாக இருந்தால் காகிதம் நனையும், பளபளப்பு போய்விடும். சளியாக இருந்தால் பளபளப்பு நிற்கும், காகிதத்தில் பச்சைக் கறை படியும். உருட்டியதைக் குப்பையில் போட்டுவிட்டு மற்றதை எடுங்கள்.

எந்த மாதம்? டிசம்பர், ஜனவரி. மழை விட்டு, குளிர் இருக்கும். அதன்பின் குட்டி போடும் பருவம் என்று இரவிகுளத்தை பிப்ரவரி, மார்ச்சில் பார்வையாளர்களுக்கு மூடுவார்கள், ஆய்வுக்கும் உள்ளே விடமாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை அக்காமலைப் பக்கம் மாதிரி எடுக்கப் போவது அட்டைக்கு ரத்ததானம் செய்யத்தான்.

செக்போஸ்ட்:
நீங்கள் எல்லாரும் மாதிரியை எடுத்தே விட்டீர்கள், அனுமதி யார் வாங்குவது?

வரையாடு 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணை விலங்கு. புழுக்கைதானே, தரையில் கிடப்பதுதானே என்பது காவலரிடம் செல்லாது. இரண்டு மாநிலம், இரண்டு தலைமை வனவிலங்குக் காப்பாளர், இரண்டு விண்ணப்பம். சென்னைக்கு ஒன்று, திருவனந்தபுரத்துக்கு ஒன்று. அக்காமலையில் நின்று கையை நீட்டினால் இரவிகுளம். ஆனால் அந்தப் பக்கம் ஒரு புழுக்கை எடுக்க வேறு தாள் வேண்டும். இரண்டு தாளும் ஒரே மாதத்தில் வரும் என்று கனவு காணாதீர்கள். இது வெறும் அலுவலகத் தலைவலி மட்டும் அல்ல, ஆய்வின் முடிவையே கெடுக்கும். அதைக் கணக்குத் தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

விண்ணப்பத்திலேயே எழுத வேண்டியவை: எத்தனை மாதிரி, எந்த ஆய்வகம், மாதிரி எந்த மாநிலத்திலிருந்து எந்த மாநிலத்துக்குப் போகும், மிச்சத்தை என்ன செய்வீர்கள். கடைசி இரண்டும் விட்டுப்போனால் சோதனைச் சாவடியில் டியூப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு விளக்கம் சொல்ல வேண்டிவரும். வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும் யோசனை இருந்தால் சென்னையிலுள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதலும் சேர வேண்டும். அந்த வேலையே வேண்டாம், வரிசைப்படுத்தலை இந்தியாவிலேயே செய்துகொள்ளுங்கள்.

பிறகு அந்த எத்தனால். லிட்டர் கணக்கில் சாராயத்தை வண்டியில் வைத்துக்கொண்டு கோபாலபுரத்திலும் வாளையாரிலும் மாநில எல்லை தாண்டுவது கலால் விவகாரம். ஆய்வுக்குத்தான் என்று சொன்னால் சிரிப்பார்கள்.

புழுக்கைப்பை:
சாராயம் இல்லாமலே செய்யலாம். ஸ்வாப் முறை. பஞ்சு ஸ்வாபை லாங்மைர் பஃபரில் நனைத்து, புழுக்கையின் மேற்பரப்பை மட்டும் சுற்றித் தேய்த்து, ஸ்வாபின் தலையை ஒடித்து 500 மைக்ரோலிட்டர் பஃபர் உள்ள 2 மில்லி டியூபில் போட்டு மூடிவிட வேண்டும். பஃபர் கலவை: 0.1 மோலார் டிரிஸ், 0.1 மோலார் இடிடிஏ, 10 மில்லிமோலார் சோடியம் குளோரைடு, 0.5 சதவீதம் எஸ்டிஎஸ், பிஎச் 8. அறை வெப்பத்திலேயே வாரக்கணக்கில் தாங்கும். குளிரில் எஸ்டிஎஸ் வெள்ளையாகத் திரியும். மூணாறு காலையில் டியூபைப் பார்த்துப் பதறவேண்டாம், சட்டைப்பையில் வைத்தால் கரைந்துவிடும்.

காப்பு மாதிரிக்கு அதே குவியலிலிருந்து நான்கைந்து புழுக்கையைக் காகித உறையில் போட்டு சிலிக்கா ஜெல்லில் வையுங்கள். எடைக்கு எடை ஒன்றுக்கு நான்கு. நீல ஜெல் வேண்டாம், அதில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது. ஆரஞ்சு வாங்குங்கள். வால்பாறை ஈரத்தில் டப்பாவைத் திறந்து திறந்து மூடினாலே நிறம் மாறிவிடும், மாற்று ஜெல் கையில் இருக்க வேண்டும்.

டியூபில் பென்சிலால் எழுதுங்கள், உள்ளேயும் ஒரு பென்சில் சீட்டு. எத்தனால் ஒரு சொட்டுப் பட்டாலும் மார்க்கர் மை ஓடிவிடும்.

புல்மேடு:
நன்றிங்ணா. வரையாட்டுப் புழுக்கையா கேளையாட்டுப் புழுக்கையா என்று கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம்தானே?

ஜெல்_டிரே:
சொல்லலாம், தப்பாக. ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் வழியில் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவுப் பக்கம் வரையாடு சாலைச் சுவரிலேயே நிற்கும். அதே சரிவில் கடமான் உண்டு, கேளையாடு உண்டு. எஸ்டேட் ஓரமென்றால் வீட்டு வெள்ளாடும் உண்டு. மைட்டோகாண்ட்ரியாவை வைத்து இனம் உறுதிசெய்யாத எந்த மாதிரியும் அடுத்த கட்டத்துக்குப் போகக்கூடாது.

ஐதராபாத் சிசிஎம்பி ஆய்வகம் 2003இல் வெளியிட்ட சைட்டோகுரோம் பி பொதுப் பிரைமர் ஜோடி எல்லோரிடமும் இருக்கும். ஆனால் அது பெருக்குவது சுமார் 470 இணை. திசுவுக்கு அருமை, பழைய புழுக்கைக்கு நீளம் அதிகம். 100–150 இணைக்குள் வரும் 12எஸ் அல்லது 16எஸ் என்ற மைட்டோகாண்ட்ரியா மரபணுத் துண்டுக்குப் போங்கள்.

இங்கேதான் நான் சொன்ன கெட்ட சேதி. மாடு, ஆடு, செம்மறி எல்லாவற்றையும் பெருக்கும் பிரைமரைக் கையாளும்போது மாசு உங்களைச் சுற்றியே இருக்கிறது. புழுக்கையிலுள்ள தாவர வேதிப்பொருள் பிசிஆரை மறிக்கும் என்று பிஎஸ்ஏ சேர்ப்போம், 0.2 முதல் 0.4 மைக்ரோகிராம்/மைக்ரோலிட்டர். அது மாட்டு ரத்தத்திலிருந்து எடுத்த புரதம். மலிவானதில் மாட்டு டிஎன்ஏ ஒட்டிக்கொண்டு வரும், நெகட்டிவ் கண்ட்ரோலில் (மாதிரியே போடாத டியூப்) மாட்டு பேண்ட் தெரியும். டிஎன்ஏ நீக்கியது என்று எழுதியதை வாங்குங்கள். மதியம் மட்டன் பிரியாணி சாப்பிட்ட கையோடு வடிப்பறைக்குள் வரும் நண்பர்களை வாசலிலேயே நிறுத்துங்கள். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. வெள்ளாடும் செம்மறியும் அந்தப் பிரைமருக்கு வரையாட்டைவிட நன்றாகவே ஓடும்.

வடிக்கும்போது புழுக்கையை நசுக்காதீர்கள். ஸ்வாப் இல்லாமல் சிலிக்கா மாதிரியிலிருந்து எடுப்பதானால், 3–4 புழுக்கையை லைசிஸ் பஃபரில் 20 நிமிடம் மெதுவாகச் சுழற்றி, புழுக்கையை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, பஃபரை மட்டும் மேலே கொண்டுபோங்கள். நசுக்கினால் பஃபர் தேநீர் நிறத்துக்குப் போகும், பிசிஆர் படுத்துக்கொள்ளும். அப்படி ஆகிவிட்டால் வடித்த டிஎன்ஏவைப் பத்துக்கு ஒன்றாக நீர்த்துப் பாருங்கள். நீர்த்ததும் பேண்ட் வந்தால் குறை டிஎன்ஏவில் இல்லை, மறிப்புப் பொருளில்.

பிசிஆர் ஓடும் அறையும் வடிக்கும் அறையும் ஒன்றாக இருக்கக்கூடாது. ஒரு முறைக்கு 11 மாதிரி, ஒரு வெற்று டியூப். மொத்தம் 12. அந்த வெற்று டியூப் கடைசி வரிசைப்படுத்தல் வரை கூடவே வரவேண்டும்.

ஆழியாறு:
இவ்வளவு பாடு எதற்கு? ஏப்ரலில் இரு மாநிலமும் சேர்ந்து கண்ணால் பார்த்து எண்ணுகிறார்கள். அது போதாதா?

கல்பாத்தி:
எத்தனை தலை என்பதற்கு அது போதும். எத்தனை தலை இனம்பெருக்குகிறது என்பதற்குப் போதாது. ஒரு பெரிய கிடா பல பெட்டைகளோடு சேரும் விலங்கில் 100 ஆடு இருந்தாலும் மரபணுக் கணக்கில் அது 100 ஆகாது. குறுகிய காலத்துக்கு 50, நீண்ட காலத்துக்கு 500 என்று 1980இலிருந்து சொல்லிவரும் வரம்பு, இப்போது பலர் 100, 1000 என்று உயர்த்திச் சொல்வது, எல்லாமே செயல்திறன் எண்ணிக்கைக்கு (Ne, மரபணுக் கணக்கில் எத்தனை ஆட்டுக்குச் சமம் என்ற எண்). தலை எண்ணிக்கைக்கு அல்ல. அதை 30 மாதிரியிலிருந்து இணைப்பு விலகல் முறையில் (வெவ்வேறு லோக்கஸின் அல்லீல்கள் எவ்வளவு சேர்ந்தே வருகின்றன என்று அளப்பது) கணக்கிடலாம். உண்மை எண்ணிக்கை சில நூறுக்குள் இருந்தால் ஓரளவு பிடிபடும். ஆயிரம் என்றால் மேல் வரம்பு முடிவிலி என்று வந்து நிற்கும், அதை வைத்து ஒன்றும் எழுத முடியாது.

இப்போது புல்மேடு கேட்ட மூலக் கேள்விக்கு வருகிறேன். கணவாய், சாலை, தேயிலை மூன்றையும் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். மூன்றும் மூன்று காலம்.

பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலம், தரை 300 மீட்டருக்குள். வரையாடு பாறைச் சரிவும் புல்மேடும் விட்டு இறங்கி, கொழிஞ்சாம்பாறை வயலையும் சித்தூர் தென்னந்தோப்பையும் நடந்து கடக்காது. சாலை வருவதற்குப் பல ஆயிரம் ஆண்டு முன்பும் கடந்திருக்காது. சோலைக்கிளி என்ற சிறு மலைப் பறவையில் இதைத் தெளிவாகப் பார்த்திருக்கிறார்கள். கணவாயின் வடக்கும் தெற்கும் லட்சக்கணக்கான ஆண்டாகப் பிரிந்து கிடப்பதை 2010இல் காட்டினார்கள். 2017இல் அவற்றுக்கு ஷோலிகோலா என்று தனிப் பேரினமே வைத்தார்கள். யானை இவ்வளவு நடக்கும் விலங்கு, அதிலேயே நீலகிரிப் பக்கமும் ஆனைமலை–பெரியாறு பக்கமும் வேறுபடுவதாக 2005இல் வந்தது. 2024இல் முழு மரபணுத்தொகுதியை வைத்து இந்திய யானைகளை ஐந்து தொகுதியாகப் பிரித்தபோது, தெற்கிலேயே பாலக்காட்டுக் கணவாயும் செங்கோட்டைக் கணவாயும் எல்லைக்கோடாக விழுந்தன. ஆகவே உங்கள் தரவில் வடக்கு, தெற்கு என்று இரண்டு கொத்து கட்டாயம் வரும். அதைச் சாலையின் தலையில் கட்டினால் எந்த மதிப்பீட்டாளரும் விடமாட்டார்.

தேயிலைக் கேள்விதான் உண்மையில் சுவையானது. அதற்குக் கணவாயைத் தாண்டவே வேண்டாம், தெற்குக் கரையிலேயே விடை இருக்கிறது. வால்பாறையில் காடு வெட்டித் தோட்டம் போட்டது 1890களில் தொடங்கியது, 130 ஆண்டு ஆகிறது. ஆட்டின் தலைமுறையை ஐந்தரை ஆண்டு என்று கொண்டால் சுமார் 23 தலைமுறை. முழுதாகத் துண்டிக்கப்பட்ட கூட்டத்தில் வேறுபாடு ஏறும் வேகம் 1 − (1 − 1/2Ne)^t என்ற சூத்திரம், t என்பது தலைமுறை எண்ணிக்கை. Ne 50 என்றால் 23 தலைமுறையில் 0.21 வரும், கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்கலாம். Ne 500 என்றால் 0.023, உங்கள் பேனலுக்கு எட்டும் எட்டாத எல்லை. யானைக்கு இதே கணக்கைப் போடுங்கள்: தலைமுறை 25 ஆண்டு, 5 தலைமுறை, Ne 500 என்றால் 0.005. தேயிலை யானையைப் பிரிக்கவில்லை என்று அதை வைத்துச் சொல்ல முடியாது, இன்னும் தடயம் விழவில்லை என்றுதான் சொல்ல முடியும்.

அதனால் சிறுசிறு கூட்டமாகத் தனித்துப்போன பாறைகளைத் தேர்ந்தெடுங்கள். முக்குருத்தியை விட்டுவிடலாம். சிறுவாணியிலிருந்து பத்து மாதிரி ஒப்பீட்டுக்குப் போதும். மிச்ச மாதிரி எல்லாம் ஆனைமலைக்கு.

புல்மேடு:
ஸ்ட்ரக்சர் மென்பொருளை ஓட்டி, எத்தனை கொத்து (கே) என்று டெல்டா கே முறையை வைத்து எடுத்தால் தோட்டத்தின் இருபுறமும் பிரிகிறதா என்று தெரிந்துவிடாதா சார்?

கல்பாத்தி:
டெல்டா கே முறை கே = 1 என்று சொல்லவே முடியாது, அதன் சூத்திரத்திலேயே அந்த வாய்ப்பு இல்லை. பிரிவே இல்லாத இடத்திலும் 2 என்று வந்து நிற்கும். ஒரு கூட்டத்தில் 40, இன்னொன்றில் 8 என்று மாதிரி ஏறுக்குமாறாக இருந்தால் சிறியது பெரியதோடு ஒட்டிக்கொள்ளும். அதைவிட முக்கியம்: தூரம் கூடக் கூட வேறுபாடு கூடுவது எங்கும் இயல்பு. நெல்லியாம்பதியிலும் இரவிகுளத்திலும் மட்டும் எடுத்துவிட்டு நடுவே எடுக்காமல் விட்டால், ஒரே தொடர்ச்சியைக் கணினி இரண்டு பெட்டியாக வெட்டிக் காட்டும். முதலில் தூரம்–வேறுபாடு வரைபடத்தைப் போடுங்கள். தோட்டம் குறுக்கே உள்ள ஜோடிகளும் குறுக்கே இல்லாத ஜோடிகளும் அதே தூரத்தில் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். தோட்டத்தின் வேலை அந்த இடைவெளியில்தான் தெரியும்.

உறவு ஆடுகளையும் கவனியுங்கள். ஒரு தாய், இரண்டு குட்டி, ஒரு தங்கை என்று ஒரே பாறையில் எடுத்தால் பிசிஏவில் (மரபணு ஒற்றுமையைப் புள்ளிகளாக வரைந்து காட்டும் முறை) அந்தக் குடும்பமே தனி இனம்போல ஒதுங்கி நிற்கும்.

ஜெல்_டிரே:
உறவைக் கண்டதெல்லாம் நீக்கிவிடலாம் என்று பலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 25 ஆடே உள்ள பாறையில் எல்லாருமே உறவுதான், அதுதான் அந்தக் கூட்டத்தின் உண்மை. நீக்கிக்கொண்டே போனால் Ne கணக்கு வீங்கும்.

கல்பாத்தி:
Ne கணக்குக்கு நீங்கள் சொல்வது சரி மேடம். பிசிஏவுக்கு நீக்குங்கள், Ne கணக்குக்கு நீக்காதீர்கள். இரண்டு தனிக் கோப்பாக வைத்துக்கொண்டால் தீர்ந்தது.

புழுக்கைப்பை:
ஒரு கிளைக் கேள்வி. தண்ணீரிலிருந்து டிஎன்ஏ வடிகட்டி எடுக்கிறார்களே, ஆழியாறு அணையில் எடுத்தால் சுற்றியுள்ள மலை விலங்கெல்லாம் தெரிந்துவிடாதா?

செக்போஸ்ட்:
அந்த அணையில் வேண்டவே வேண்டாம். அது பிஏபி (பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம்) தண்ணீர். பரம்பிக்குளத்திலிருந்து தூணக்கடவு வழியாகச் சுரங்கத்தில் வந்து சர்க்கார்பதியில் விழுந்து கால்வாயில் வருவது. சாலக்குடி ஆற்றுப் படுகையின் டிஎன்ஏவைப் பாரதப்புழைப் படுகையில் நின்றுகொண்டு எடுத்து, இங்கே இருக்கிறது என்று எழுதுவீர்கள். மீனை ஆராய்பவர்களுக்கு இந்தத் தலைவலி இன்னும் அதிகம், மீனே சுரங்கம் வழியாக வந்துவிடும். கால்வாய் கலக்காத சிற்றோடையாகப் பார்த்து எடுத்தால்தான் பொருள் உண்டு.

ஜெல்_டிரே:
இழையை மறுபடி புழுக்கைக்கு இழுக்கிறேன். அல்லீல் விழுதல் பற்றி யாரும் சொல்லவில்லை.

மைக்ரோசாட்டிலைட்டுக்கே போவதாக இருந்தால் ஒரு மாதிரியை ஒரு முறை ஓட்டி எழுதக்கூடாது. டிஎன்ஏ அளவு குறைந்தால் இரண்டு அல்லீலில் ஒன்று பெருகாமல் விட்டுப்போகும், இரட்டை அல்லீல் ஆடு ஒற்றையாகப் படிக்கப்படும். ஓர் ஓட்டத்தில் அப்படி நடக்கும் வாய்ப்பு 0.3 என்றால், மூன்று ஓட்டத்திலும் அதே அல்லீல் விழும் வாய்ப்பு 2 × 0.15³, ஆயிரத்துக்கு ஏழுக்கும் சற்றுக் கீழே. 0.5 என்றால் நூற்றுக்கு மூன்று. பத்து லோக்கஸுக்கு அதைப் பெருக்கிப் பாருங்கள், பயம் தெரியும். இரட்டை என்றால் ஒவ்வோர் அல்லீலும் இரு முறையாவது தெரிய வேண்டும். ஒற்றை என்றால் குறைந்தது மூன்று ஓட்டம், மாதிரி மோசம் என்றால் ஐந்து முதல் ஏழு.

இதில் சோம்பினால் இரண்டு பொய் ஒரே நேரத்தில் வரும். ஒன்று, ஒரே ஆடு இரண்டு வெவ்வேறு ஆடாகத் தெரிந்து எண்ணிக்கை கூடும். இன்னொன்று, ஒற்றை அல்லீல் அதிகமாகி உள்ளினச்சேர்க்கை இருப்பதாகத் தெரியும். சிறு கூட்டத்தில் உள்ளினச்சேர்க்கை என்ற தலைப்பு நாளிதழுக்குப் பிடிக்கும், அதனால் யாரும் சந்தேகப்படவும் மாட்டார்கள். எல்லா லோக்கஸிலும் ஒரே அளவு ஒற்றை கூடியிருந்தால் உயிரியல் காரணமாக இருக்கலாம். நீளமான லோக்கஸில் மட்டும் கூடியிருந்தால் அது அல்லீல் விழுதல்.

எஸ்என்பி பேனலிலும் இது உண்டு. ஒரு தளத்துக்கு 20 வாசிப்புக்குக் கீழே இருந்தால் விடையே எழுதாதீர்கள். பத்தில் ஒரு மாதிரியை இரண்டு முறை வடிப்பிலிருந்தே ஓட்டி, இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று கட்டுரையில் சொல்லுங்கள்.

புல்மேடு:
கடைசியாக ஒன்று. தமிழ்நாட்டு அனுமதி சீக்கிரம் வரும்போலத் தெரிகிறது. இந்த டிசம்பரில் அக்காமலை முடித்து, வடித்து, பிசிஆர் தட்டில் ஏற்றிவிட்டு, கேரள அனுமதி வந்தபின் இரவிகுளம், நெல்லியாம்பதியை அடுத்த தட்டில் ஏற்றிக்கொள்ளலாமா?

கல்பாத்தி:
கூடாது. செக்போஸ்ட் மேலே சொல்லாமல் விட்டது இதுதான். முதல் தட்டில் தமிழ்நாடு, இரண்டாம் தட்டில் கேரளம். வேறு மாதம், வேறு கிட் தொகுதி, வேறு வரிசைப்படுத்தல் ஓட்டம். கடைசியில் பிசிஏவில் இரண்டு கொத்து அழகாக வரும். அது மலையால் வந்ததா, தேயிலையால் வந்ததா, தட்டால் வந்ததா என்று பிரிக்க எந்த மென்பொருளாலும் முடியாது. மாநில எல்லையைக் காட்டு விலங்கு மதிக்காது, ஆனால் உங்கள் தரவு மதித்துவிடும்.

டிசம்பரில் அக்காமலையை எடுங்கள், பஃபரில் போட்டு மைனஸ் 20இல் வையுங்கள். கேரள மாதிரி வந்தபின் எல்லா டியூபையும் ஒன்றாகக் கலக்கி, சீட்டுக் குலுக்கி, ஒவ்வொரு வடிப்புத் தொகுதியிலும் எல்லா இடத்து மாதிரியும் இருக்கும்படி பிரியுங்கள். 11 மாதிரி கொண்ட தொகுதியில் அக்காமலை நாலு, இரவிகுளம் நாலு, நெல்லியாம்பதி இரண்டு, சிறுவாணி ஒன்று என்ற மாதிரி.

ஜெல்_டிரே:
அந்த ஆண்டுக் காத்திருப்பில் ஆறு அக்காமலை மாதிரியை மட்டும் இப்போதே வடித்துச் சோதித்து வையுங்கள். பின்னர் பெரிய தொகுதியில் அதே ஆறையும் மறுபடி வடியுங்கள். இரண்டு முறையும் ஒரே விடை வந்தால் ஃப்ரீசரில் இருந்த காலம் கெடுக்கவில்லை என்று எண்ணோடு காட்டலாம்.

செக்போஸ்ட்:
கேரள விண்ணப்பத்தில் மாதிரியை மைனஸ் 20இல் எங்கே, எவ்வளவு நாள் வைப்பீர்கள் என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். தரவை வெளியிடும்போது புழுக்கை கிடைத்த பாறையின் துல்லிய ஜிபிஎஸ் எண்ணைக் கொடுக்க வேண்டாம், பத்துக் கிலோமீட்டர் கட்டத்தோடு நிறுத்துங்கள். இரு துறையும் இதை நிபந்தனையாகக் கேட்கக்கூடும், நீங்களே முந்திக்கொண்டு எழுதினால் கோப்பு வேகமாக நகரும்.

புல்மேடு:
டிடிராட் எடுத்தாச்சு, முக்குருத்தி எடுத்தாச்சு, சாலை எடுத்தாச்சு. திருத்திய வடிவத்தை இந்த வாரக் கடைசியில் இங்கேயே போடுகிறேன். மாதிரிப் பிரிப்பு அட்டவணையை மட்டும் கல்பாத்தி சார் ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்க.

கல்பாத்தி:
போடுங்கோ, பார்க்கறேன். வெற்று டியூபுக்கும் அட்டவணையில் ஒரு கட்டம் விடுங்கோ.